இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இங்கிலீஷ் கேஸ்

நான் முன்பு வேலை பார்த்த அச்சுக்கூடத்துக்குப் போன மாதம் ஒரு நடை போயிருந்தேன். புது மெஷின் வந்திருக்கிறது. ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தள்ளுகிறது. "இனிமே பக்கம் கீழ விழுந்தாலும் எழுத்து சிதறாது அண்ணாச்சி" என்று அங்கே இருக்கிறவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் கீழே விழுந்து சிதறியதால்தான் நான் மனுஷன் ஆனேன். அங்கே இப்போது எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். "மூணாங் கிளாஸ் படிச்ச நீங்க எப்படி இத்தனை வருஷம் இங்கிலீஷ் புரூஃப் பாத்தீக?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கங்கைகொண்டானுக்குக் கிழக்கே ஒரு பட்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு அற்றுப்போயிற்று. பதினேழு வயதில் பாளையங்கோட்டைக்கு நடந்தே வந்து, முருகன்குறிச்சிப் பக்கம் இருந்த அந்த அச்சுக்கூடத்தில் மை உருளை உருட்டச் சேர்ந்தேன். ஒரு வருஷம் மை உருட்டினேன். ஒரு வருஷம் அச்சடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்து அறை அறையாகப் போட்டேன். அடுத்த இரண்டு வருஷம் ஈய எழுத்துகளை வரி வரியாக அடுக்கித் தமிழ் கோத்தேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். அதைத் தலைகீழாக வைத்து வாசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதம் பிடிக்கிற இந்தப் பழக்கம் எனக்கு ஆறே நாளில் வந்தது. யாரும் கற்றுத் தரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் பாளையங்கோட்டையில் என்னைப்போல் கை ஓடிய ஆள் கிடையாது. இதை நான் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

எங்கள் போர்மேன் பெயர் தேவசகாயம். பழைய கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கோட்டு, கோட்டுக்கு மேல் ஒரு துண்டு. கண்ணாடியை அந்தத் துண்டு நுனியால் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நல்ல மனநிலையில் இருந்தால் எங்களை "ஏலே" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கொடுப்பார். "நீங்க இங்கன வாங்க" என்று அவர் சொன்னால், சொல்லப்பட்டவன் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான்.

அவர் வைத்த சட்டம் இரண்டுதான். பிரதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே கோக்க வேண்டும், சொந்தப் புத்தியைச் சேர்க்கக்கூடாது. இது ஒன்று. கோத்து வைத்த ஈயப் பக்கம் கீழே விழுந்தால் அந்த நிமிஷமே வந்து சொல்ல வேண்டும், இது இரண்டாவது. எதை மீறினாலும் திரும்பவும் மை உருளைதான். பிரதி என்றால் எழுதியவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த தாள். வேறு எதுவும் பிரதி ஆகாது.

இங்கிலீஷ் கோப்பதற்கு ஒரு கேஸ் இருந்தது. எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருக்கும் பெட்டியைத்தான் கேஸ் என்போம். சன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் அது இருக்கும். அங்கே நிற்கிறவனுக்கு ஒரு மதிப்பு. அப்போது அங்கே நின்றவன் மெட்ரிகுலேஷன் வரை படித்த ஆள். ஒரு பாதிரியார் எழுதிய கடிதத்தில் தப்பு இருக்கிறது என்று அவனாகத் திருத்திக் கோத்துவிட்டான். தப்பு பாதிரியாருடையது இல்லை, இவனுடையது. மறுநாள் கேஸ் காலி.

போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கிலீஷ் தெரியுமா?"

"ஏ பி சி டி தெரியும் ஐயா."

"அர்த்தம்?"

"தெரியாது."

"நெசமாவே தெரியாதா?"

"எங்க ஆத்தா மேல சத்தியமா ஒரு வார்த்தைக்கும் தெரியாது ஐயா."

"அப்ப நாளையிலேருந்து இங்கிலீஷ் கேஸ்ல நில்லு. தெரிஞ்சவன் திருத்துவான். தெரியாதவன்தான் இருக்கிறபடி வைப்பான்."

தெரியாது என்று சொன்னதற்காக வேலை உயர்ந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. கற்றுக்கொண்டால் கேஸ் போய்விடும். கற்றுக்கொள்ளாவிட்டால் நான் என்ன கோக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. கேஸை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். புரூஃப் பார்க்கும்போது போர்மேன் பிரதியை எழுத்தெழுத்தாக வாசிப்பார்; நான் விரலை வைத்துப் புரூஃபில் பிடித்துக்கொண்டே போவேன். காதில் விழுந்ததை மண்டையில் ஏற்றக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

இப்படி இரண்டு வருஷம் போன பிறகு வந்தது அந்தப் புத்தகம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஐயர் ஒருவர். பையன்கள் எதையெல்லாம் குழப்பிக்கொள்கிறார்கள் என்று பல வருஷம் குறித்து வைத்து ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். முப்பத்திரண்டு பக்கம். நமக்குத் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது இங்கிலீஷ்காரனுக்கு இரண்டாக இருக்கும். நமக்கு எல்லாம் கரை. அவனுக்கு ஆற்றங்கரை 'பேங்க்', கடற்கரை 'ஷோர்'. நமக்கு எல்லாம் விரல்; அவனுக்குக் கைவிரல் 'ஃபிங்கர்', கால்விரல் 'டோ'. ஒவ்வொரு பக்கத்திலும் இப்படிப் பன்னிரண்டு ஜோடி. இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம். நான்தான் முழுவதும் கோத்தேன். புரூஃப் பார்த்தாயிற்று, போர்மேன் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிரதியையும் புரூஃபையும் அவருடைய மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காகிதம் வாங்க ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு மாட்டு வண்டியில் போனார். மத்தியானம் வந்துவிடுவேன், அதற்குள் எல்லாம் மெஷினில் ஏறியிருக்க வேண்டும் என்றார்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் புரூஃப் எடுத்த மையைக் கழுவி, எழுத்துகள் கலையாமல் நூல் சுற்றி, பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். மெஷின் ஓட்டுகிற மாடசாமி அண்ணாச்சி எதிரே நின்றார். வாலிபத்தில் கொழும்பில் ஒரு துரை வீட்டில் வேலைக்கு இருந்துவிட்டு வந்தவர். "பைய வாலே" என்றார். "நான் தூக்கி எது விழுந்திருக்கு?" என்று நான் திரும்பிச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, வாசற்படி இடறியது. நூல் அவிழ்ந்து, பக்கம் பூராவும் தரையில்.

மாடசாமி அண்ணாச்சி என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணும் விழலைன்னியே வே?"

குனிந்து எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். சொன்னால் மை உருளை. சொல்லாமல் மறைத்துப் பிடிபட்டாலும் மை உருளைதான். பிடிபடாமல் இருக்கவேண்டும் என்றால் போர்மேன் வருவதற்குள் அடுக்க வேண்டும். பார்த்து அடுக்கப் பிரதி இல்லை. இழுப்பறை பூட்டியிருந்தது.

ஒரு நல்ல காலம், கழுவிய ஈரத்தில் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்ததால் சொற்கள் பெரும்பாலும் துண்டு துண்டாக உடையாமல் கிடந்தன. தமிழ் அர்த்தங்களை வாசித்து வரிசை வைத்துவிட்டேன். இருபத்து நான்கு இங்கிலீஷ் சொற்களில் எது எதற்கு எதிரே நின்றது என்பதுதான் சிக்கல். என் ஞாபகசக்தியைப் பற்றி நானே பேசக்கூடாது. ஆனாலும் பத்து ஜோடியை இடத்தை நினைத்தும், எழுத்தை எண்ணியும், சொல்லின் நீளத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்தும் வைத்துவிட்டேன். 'வாட்ச்' எது, 'கிளாக்' எது என்பதை மாடசாமி அண்ணாச்சி தீர்த்து வைத்தார். துரை சட்டைப்பையிலிருந்து எடுத்தது வாட்ச்சாம்.

கடைசியாக ஒரு ஜோடி மிஞ்சியது. 'ஷேடு', 'ஷேடோ'. வலது பக்கத்தில் ஒரு வரி 'மரத்தடி நிழல்'. இன்னொரு வரி 'ஆள் கூடவே வரும் நிழல்'.

"அண்ணாச்சி, இதுல எது எது?"

"ரெண்டும் நிழல்தாம்லே. எதை எங்க வச்சா என்ன?"

"கொழும்பில என்னன்னு சொன்னாக?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "தொரைசானி வெயில்ல நின்னா ஷேடு, ஷேடுன்னு கத்துவா. நான் குடையைக் கொண்டு ஓடுவேன். அப்ப ஷேடுன்னா குடை."

"குடைன்னு இங்க இல்லையே."

"அப்ப மரத்தடியா இருக்கும். தொரை பிள்ளை ஒருநாள் சுவத்துல கைய ஆட்டிக்கிட்டு ஷேடோன்னு சிரிச்சான். இல்ல, அதையும் ஷேடுன்னுதான் சொன்னானோ? நான் குடையை எடுத்துக்கிட்டு ஓடினதா ஞாபகம்."

எனக்கோ கோத்தபோது நீளச் சொல்தான் மரத்தடிக்கு எதிரே நின்றதாக ஒரு ஞாபகம். அண்ணாச்சி சொல்வதோ அதற்கு எதிர். ஞாபகப்படி வைத்தேன். பிறகு எடுத்து அண்ணாச்சி சொன்னபடி மாற்றி வைத்தேன். மனசு கேட்கவில்லை, திரும்பவும் மாற்றினேன். வாசலில் காளை மணிச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் கையில் இருந்ததை அப்படியே செருகி, நூலைச் சுற்றி மெஷினில் ஏற்றிவிட்டேன். செருகியது எது என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

போர்மேன் உள்ளே வந்தார். "எல்லாம் ஏத்தியாச்சாலே?" என்றார். "ஏத்தியாச்சு ஐயா" என்றேன். மாடசாமி அண்ணாச்சி மெஷின் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

புத்தகம் கட்டி அனுப்பி ஒரு வாரம் இருக்கும். வாத்தியார் ஐயர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கையில் புத்தகம். நான் கேஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் முகத்திலோ ஒரே சிரிப்பு.

"ஓய் போர்மேன், இருபத்திரண்டாம் பக்கம் கோத்தவன் யாருங்காணும்?"

"ஏன் சாமி?"

"நேத்து என் குறிப்பு நோட்டைப் புரட்டினேன். ஷேடு, ஷேடோ ரெண்டையும் இடம் மாத்தி எழுதித் தொலைச்சிருக்கேன். உமக்குக் கொடுத்த பிரதியிலேயும் அப்படியேதான் இருக்கும். மானம் போச்சு, ஊர் முழுக்கப் பையன்கள் கையிலே புத்தகம் போயாச்சு, முடிஞ்சேன்னு நெனச்சுண்டு திறந்து பார்த்தா, அச்சிலே சரியா இருக்கு! எவனோ மகாபண்டிதன் திருத்தியிருக்கான். யாரு?"

போர்மேன் இழுப்பறையைத் திறந்து பிரதியை எடுத்தார், பார்த்தார். புரூஃபை எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் தப்பாகத்தான் இருந்தது. அச்சில் மட்டும் சரி. கண்ணாடியைத் துடைத்தார்.

"நீங்க இங்கன வாங்க" என்றார் என்னைப் பார்த்து.

போனேன். வாத்தியார் ஐயர் என் தோளைத் தொட வந்து, ஏதோ நினைத்துக் கையை இழுத்துக்கொண்டு, "நீயாடா திருத்தினே?" என்றார். திருத்தினேன் என்றால் முதல் சட்டத்தை மீறியவன், கேஸ் போயிற்று. பக்கம் விழுந்தது என்றால் இரண்டாவது சட்டத்தை மீறியவன், அப்போதும் போயிற்று. ஒரே காரியத்துக்கு ஒருவர் கொண்டாடுகிறார், ஒருவர் கண்ணாடி துடைக்கிறார். எந்த வழியில் போனால் பாழுங்கிணறு இல்லை என்று தெரியவில்லை. கேஸ் போவதென்றால் பண்டிதன் என்ற பேரோடாவது போகட்டும் என்று ஒரு திமிர் வந்தது.

"ஆமா சாமி" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தை அதே இருபத்திரண்டாம் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டார்.

"பேங்க்னா?"

"ஆத்தங்கரை சாமி."

"ஷோர்?"

"உவரிக் கடக்கரை சாமி."

"பேஷ்! டோ?"

"கால்விரல்."

"வாட்ச்?"

"சட்டைப்பையில வைக்கது. சுவத்துல தொங்குனா கிளாக்."

"ஓய், இவனை என் கிளாசிலே உட்கார வைக்கலாம்!" என்று அவர் போர்மேனைப் பார்த்தார். எனக்கே என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இருபத்து நான்கு சொல்லையும் எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

போர்மேன் மெதுவாகப் புத்தகத்தை வாங்கினார். பக்கத்தைத் திருப்பினார்.

"எட்டாம் பக்கம். டினை, ரெஃப்யூஸ். சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"பதினாலாம் பக்கம். இன்வென்ட், டிஸ்கவர்."

மாடசாமி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"முப்பதாம் பக்கம்?"

தலையைக் குனிந்துகொண்டேன். மெஷினை நிறுத்திவிட்டு மாடசாமி அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டிருந்தார். போர்மேன் புத்தகத்தை மூடினார்.

"சாமி, இவன் திருத்தல. ஒரு பக்கம் மட்டும் ஒருத்தனுக்கு இங்கிலீஷ் தெரியுதுன்னா, அந்தப் பக்கத்தைக் கீழ போட்டிருக்கான்னு அர்த்தம். பெறக்கி அடுக்கும்போது மனசில ஏறியிருக்கு."

வாத்தியார் ஐயருக்கு வாய் மூடவில்லை. "கீழே போட்டாத் தப்பு சரியாயிடுமா ஓய்?"

"எப்பவாது ஆகும் சாமி."

"அப்படின்னா மத்த முப்பத்தோரு பக்கத்தையும் கீழே போடச் சொல்லும்! இவன் எனக்கு உதவி வாத்தியாராவே வந்துடுவான்!" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். போர்மேன் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மை உருளையை எடு என்று சொல்லப் போகிறார் என்று நானே அந்த மூலைக்கு நடந்தேன்.

"அங்கன எங்கலே போற?"

'லே' என்றார். கோபம் இறங்கிவிட்டதா என்று நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"எல்லாப் பக்கத்தையும் பிரிச்சுப் பெட்டியில போடணும்லா? போடுததுக்கு முன்னால ஒவ்வொண்ணா எடுத்துட்டு வா. தரையில போடு. பிரதி இல்லாம அடுக்கு. நான் பாத்த பெறகுதான் பிரிக்கணும். தப்பா இருந்தா திரும்பவும் போடு."

அச்சாபீஸில் பக்கத்தை வேண்டுமென்றே தரையில் போட்டவன் நான் ஒருவன்தான். வேலை முடிந்ததும் தினம் ஒரு பக்கம். முதல் பக்கத்தைப் போட மனசு வராமல் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மாடசாமி அண்ணாச்சிதான் அடியிலிருந்து ஒரு தட்டு தட்டினார். "உனக்குப் பழக்கந்தானலே" என்றார். பதினாலாம் பக்கத்தை ஒன்பது தடவை போட்டேன். ஏற்கெனவே இருந்ததைப் பார்த்துச் சொன்னால் டிஸ்கவர், இல்லாததைப் புதிதாகச் செய்தால் இன்வென்ட் என்பது ஒன்பதாவது தடவையில்தான் மண்டையில் இறங்கியது. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது ஒரு நாளில் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு நாளில் மறந்தும் போகும். எனக்கு இன்றுவரை போகவில்லை.

போர்மேன் இதைத் தண்டனையாகத்தான் செய்தாரா, வேறு எதையாவது மனசில் வைத்துச் செய்தாரா என்று நான் கேட்டதில்லை. இங்கிலீஷ் தெரியாதவன் என்று என்னைக் கேஸில் நிறுத்திய அதே மனுஷன்தான், தினமும் என் முன்னால் நின்று அது எனக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டார். தெரிந்துவிட்டால் கேஸ் என்ன ஆகும்? அவரும் சொல்லவில்லை. நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்தப் புத்தகம் மறுபடி அச்சுக்கு வந்தது. வாத்தியார் ஐயர் அப்போது ஊரில் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். போர்மேன் இழுப்பறையிலிருந்து அதே பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தார். நான் கோத்துக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பிரதியில் ஷேடும் ஷேடோவும் இன்னும் இடம் மாறித்தான் கிடந்தன. யாரும் திருத்தவில்லை. இருக்கிறபடி வைத்தால் ஊரில் உள்ள பையன்கள் எல்லாம் தப்பாகப் படிப்பார்கள். மாற்றி வைத்தால் சட்டம். இன்னொரு தடவை பக்கத்தைக் கீழே போட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பிரதியை எடுத்துக்கொண்டு போர்மேன் முன்னால் போய் நின்றேன்.

"என்னலே?"

"இங்கன தப்பா இருக்கு ஐயா."

"பிரதியில இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தப்புன்னு உனக்கு யாரு சொன்னா?"

அன்றைக்கு வாத்தியார் ஐயர் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுது ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"அப்ப நீங்க அந்தக் கேஸுக்கு லாயக்கில்ல" என்றார். "எறங்குங்க."

ஐந்து வருஷம் கட்டிக் காத்த சன்னலோரம். எழுத்துக் கோக்கும் என் குச்சியையும் இடுக்கியையும் எடுத்து ஓரமாக வைத்தேன். மை உருளை இருக்கிற மூலை தெரிந்த மூலைதான், நடந்து போனேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போர்மேன் தன் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டு, புரூஃப் திருத்துகிற சிவப்பு மைக்கூட்டை அதன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அது எனக்கா, வருகிற யாருக்காவதா என்று தெரியாமல் நான் உருளைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வெகு நேரம் நின்றேன். மாடசாமி அண்ணாச்சிதான் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "உக்காரும் வே, மறைக்கீரு!"

உட்கார்ந்தேன். பிரதியில் அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் இடம் மாற்றினேன். அதன் கீழே போர்மேன் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இங்கிலீஷ் கேஸில் புது ஆள் வந்து நின்றார். பேட்டையிலிருந்து வந்தவர், நாற்பது வயது, என்னைவிட மூத்தவர். ஏ பி சி டி மட்டும் தெரியும். சாயங்காலம் என்னிடம் வந்து, "தம்பி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். போர்மேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரதியில எப்படி இருக்கோ அப்படியே வையும் அண்ணாச்சி" என்றேன்.